துணைக்கால் போட்ட வார்த்தை

ஜனவரி 12

சின்னவனே,

முதல்ல திட்டிடறேன், அப்புறம் விஷயத்துக்கு வர்றேன். என் நம்பரை அடைச்சு வெச்சிருக்கியே, நான் என்ன இன்சூரன்ஸ் விக்கறவளாடா? போன மழைக்காலத்துல வந்தேன், அம்மாவைப் பாத்தேன், சாயங்கால ரயிலைப் பிடிச்சேன். ஏறி உக்காந்துட்டேன்னு சொல்லக் கூப்பிட்டா நீ எடுக்கல. அன்னையிலேர்ந்து இன்னைக்கு வரைக்கும் எடுக்கல. என்ன கோபம்னும் சொல்லல. உன் வீட்டுக்காரி மட்டும் பாவம், உனக்குத் தெரியாம அப்பப்ப அம்மா போட்டோ அனுப்புவா. இந்தா, போட்டுக் கொடுத்துட்டேன், அவளைத் திட்டாதே. இந்தக் காலத்துல கூடப்பிறந்தவனுக்குத் தபால்ல எழுதறவ நான் ஒருத்தியாத்தான் இருப்பேன்.

இப்போ விஷயம். இங்கே அருங்காட்சியகத்துல என் தனிக் கண்காட்சி. மேல் மாடி முழுக்க எனக்கு. எனக்கு மட்டும்! இத்தனை வருஷமா நாலு பேரோட அஞ்சாவதா, கக்கூஸுக்குப் போற வழியில தொங்கினவடா நான். இப்போ வாசல்ல மூணு ஆள் உயரத்துக்கு என் பேர், பஸ் முதுகுல எல்லாம் போஸ்டர். பிப்ரவரி பத்தாம் தேதி திறப்பு. அச்சடிச்ச புஸ்தகம் இதோட வெச்சிருக்கேன்.

கண்காட்சிக்குப் பேர் 'வாரசா'. ஞாபகம் வருதா? பக்கவாதம் வந்து அம்மாவுக்குப் பேச்சே நின்னுபோயிருந்த சமயம். நீ கிளினிக்குல பல்செட் கொடுத்துட்டு வர்றேன்னு என்னை விட்டுட்டுப் போன. அம்மா திடீர்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அந்த ஒரு வார்த்தையைச் சொன்னாங்க. திரும்பத் திரும்பச் சொன்னாங்க, கண்ணுல தண்ணி. எனக்குப் புரியல, ஆனா மயிர்க்கூச்செறிஞ்சுது. போன்ல பதிவு பண்ணிட்டேன். இங்கே வந்து, அம்மா பிறந்த வீட்டு மொழி தெரிஞ்ச பேராசிரியர் ஒருத்தருக்குப் போட்டுக் காட்டினேன். மனுஷன் எழுந்தே நின்னுட்டார். அந்த மொழியில வாரசான்னா முன்னோர் விட்டுட்டுப் போனது, வழிவழியா வர்றது. நம்ம 'வாரிசு'ம் அதுவும் ஒரே வேராம். யோசிச்சுப் பாரு. வேற மொழியில பிறந்து, அப்பாவைக் கட்டிக்கிட்டு நம்ம மொழிக்குள்ள வந்த பொம்பளை. ரெண்டு மொழியும் போனப்புறம் வாயில மிச்சம் நின்னது ரெண்டுக்கும் பொதுவான அந்த ஒரு சொல். பண்பாட்டுக்கும் பண்பாட்டுக்கும் நடுவுல பாலம் எங்கேன்னு நான் ஊர் ஊரா தேடிக்கிட்டிருந்தேன், அது நம்ம வீட்டு நாற்காலியில உக்காந்திருந்திருக்கு.

மூணாவது அறை முழுக்க அம்மா குரல்தான். அறை இருட்டு, தரையில மெத்தைகள். நான் எடுத்துட்டு வந்த அம்மாவோட படுக்கை விரிப்பைத் திரை மாதிரி தொங்கவிட்டு, பின்னாலேர்ந்து விளக்கு. அந்த டீக் கறையிருக்கே, அசல் ரெண்டு நாடு ஒட்டிக்கிட்டிருக்கற வரைபடம்டா. வர்றவங்க சாய்ஞ்சு படுத்துக்கிட்டுக் கண்ணை மூடிக் கேக்கலாம்.

அம்மா இப்போ நடக்கறாங்க, பேசறாங்கன்னு உன் வீட்டுக்காரி எழுதினா. கூட்டிட்டு வாடா. அவங்களுக்காகத்தான் எல்லாம்.

உன் அக்கா


ஜனவரி 19

அக்கா,

புஸ்தகம் வந்துது. வழவழன்னு நல்ல காகிதம். மெழுகு சூடாகற நேரத்துல வேலை மேஜையில வெச்சுப் பிரிச்சேன். மூணாவது அறைன்னு போட்ட பக்கத்தைப் படிச்சேன். திரும்பப் படிச்சேன். எழுந்து போய் வாய் கொப்பளிச்சுட்டு வந்தேன்.

நான் பல்செட் பண்றவன். காலையிலேர்ந்து சாயங்காலம் வரை அடுத்தவன் எச்சில் பட்ட அச்சுகளுக்கு நடுவுல உக்காந்திருக்கேன். ரத்தம் ஒட்டினது வரும், நேத்து தின்னது ஒட்டினது வரும். குமட்டல்னா என்னன்னே எனக்கு மறந்துபோச்சுன்னு நெனச்சிருந்தேன். நீ ஞாபகப்படுத்திட்ட, ரொம்ப நன்றி.

சொல்றேன், உக்காந்து படி. அது வாரசா இல்ல. வரசா. வ-வுக்குப் பக்கத்துல துணைக்கால் போட்டது நீயும் உன் பேராசிரியரும். அம்மா அவசரத்தை எப்படிச் சொல்வாங்க? அவரசம். கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து அவங்க வாயில அது அப்படித்தான் வரும். அப்பா கிண்டல் பண்ணுவார், நாம சிரிப்போம். மறந்துபோச்சா? பக்கவாதத்துக்கப்புறம் அந்த வார்த்தைக்குத் தலையும் போச்சு, வாலும் போச்சு. வரசா. என்ன அவசரம்னு கேக்கறியா? ஒண்ணுக்கு, இல்லாட்டி ரெண்டுக்கு. அதான் உன் வழிவழி வந்த சொத்து.

பேச்சு நின்னப்புறம் முதல்ல திரும்பி வந்தது அந்த வார்த்தைதான். நானும் முழிச்சேன். தண்ணியா, தலகாணியா, ஜன்னலைச் சாத்தணுமான்னு ஒவ்வொண்ணா காட்டினேன். அம்மா அழுதாங்க. அப்புறம் நாத்தம் வந்து அர்த்தம் சொல்லிக் கொடுத்துது. அதுலேர்ந்து அந்தச் சத்தம் கேட்டா கையில இருக்கறதைப் போட்டுட்டு ஓடுவேன்.

அன்னைக்கு நான் திரும்பி வந்தப்போ அம்மா இடுப்புக்குக் கீழே முழுக்க நனைஞ்சு, சுவத்தைப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. நீ வாசல்லயே, 'அம்மா பேசினாங்கடா, பேசினாங்கடா'ன்னு குதிச்சுட்டு, பையைத் தூக்கிக்கிட்டு ரயிலுக்குப் போயிட்ட. கவனிக்காம போயிட்டியேன்னு வயிறு எரிஞ்சுதான் உன் நம்பரை அடைச்சேன். இப்பல்ல தெரியுது, நீ கவனிச்சிருக்க. போனை நீட்டிக்கிட்டே கவனிச்சிருக்க. சீ.

அப்புறம் அந்த விரிப்பு. டீக் கறையாம், நாடாம், வரைபடமாம். அம்மாவுக்கு அப்போ மூக்குல குழாய் வழியாத்தான் ஆகாரம். டீ எங்கேர்ந்து வந்துது? மீதியை நீயே கண்டுபிடிச்சுக்கோ. கண்ணாடி போட்டு வெச்சிருந்தா நல்லது, வர்ற பெரிய மனுஷங்க மோந்து பாக்காம தப்பிப்பாங்க.

அம்மா எப்படிப்பட்டவங்க? பாத்ரூமுக்குப் போனா தாழ் போட்டு, குழாயைத் திறந்து விட்டு, ஒரு சத்தம் வெளியே வராம பாத்துக்கறவங்க. எங்கிட்ட துணி மாத்திக்கும்போது இன்னைக்கும் துண்டால மூஞ்சியை மூடிக்கறவங்க. அவங்க அதுக்காகக் கெஞ்சின குரலை ஊருக்கே ஒலிபரப்பு பண்ணி, கேக்கறவனுக்கு மெத்தை வேற போட்டிருக்க. கருமம்.

எடுத்துடு. திறக்கறதுக்கு முன்னாடியே அந்த அறையை மூடிடு. வேற ஒண்ணும் கேக்கல.

தம்பி


ஜனவரி 27

சின்னவனே,

எவ்வளவு விஷம்டா உன் கையெழுத்துல. படிக்கும்போது ஸ்டூடியோவுல என் கூட ரெண்டு உதவியாளர்கள் இருந்தாங்க. 'வீட்டுல எல்லாரும் சௌக்கியமா மேடம்'னு கேட்டாங்க. சௌக்கியம்னு சொன்னேன்.

பேராசிரியர் அந்த மொழியிலயே ஊறினவர், அவருக்குத் தெரியாதா? சரி, உன் பேச்சுக்கே வர்றேன். அம்மா அவசரம்னுதான் சொன்னாங்கன்னே வெச்சுக்கோ. ஏன் அது அவரசமாச்சு? அவங்க நாக்கு வேற மொழியில பழகின நாக்கு, அதனால. அதைப் பிடிச்சுக்கிட்டு வீடே சிரிச்சீங்க. அம்மா அவங்க மொழியில ஏதாவது முணுமுணுத்தா, நீ மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அதே மாதிரி பேசிக் காட்டுவ. அப்பா விழுந்து விழுந்து சிரிப்பார். குழாயைத் திறந்து விட்டுக்குவாங்கன்னு எழுதியிருக்கியே, எதுக்குன்னு உனக்குத் தெரியுமா? உள்ளே தனக்குத்தானே தன் மொழியில பேசிக்குவாங்க. நான் கதவுக்கு வெளியே நின்னு கேட்டிருக்கேன். ஒரு வார்த்தை புரியாது. ஆனா அவ்வளவு வேகமா, அவ்வளவு சந்தோஷமா அம்மா நம்மகிட்ட ஒரு நாளும் பேசினதில்ல. நான் இத்தனை வருஷமா கிறுக்கறது, தைக்கறது எல்லாம் அந்தக் கதவுக்கு வெளியே நின்னதுலேர்ந்து வந்ததுதான். உனக்கு அது கருமம்.

கையுறை மாட்டிக்கிட்டு அம்மாவைத் தொடற நீ எனக்கு அருவருப்பைப் பத்திப் பாடம் எடுக்காதே. நான் வந்தப்பல்லாம் 'நீ தள்ளிக்கோ, உனக்குத் தெரியாது'ன்னு யார் சொன்னது? அம்மாவைப் பாத்துக்கற ஒரே ஆள் நீதான்னு நாலு பேர் சொல்லணும், அதுக்கு நான் ஆகாதவளாவே இருக்கணும்.

விரிப்பு விஷயம் படிச்சப்போ எனக்கும் ஒரு மாதிரிதான் இருந்துது, மறைக்கல. அதை இறக்கிடுங்கன்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துது. ஏன்னு கேப்பாங்களே, என்னத்தைச் சொல்ல? வாசல்ல பேர் தொங்குது, பஸ் ஓடுது, அமைச்சர் வர்றார். எடுக்க மாட்டேன். எடுக்க முடியாது.

அக்கா


பிப்ரவரி 5

அக்கா,

சிரிச்சேன். ஆமா, சிரிச்சேன். சிரிச்சவன் இங்கே கழுவிக்கிட்டு இருக்கேன், கதவுக்கு வெளியே நின்னு உருகினவ எங்கே?

கையுறை என் அருவருப்புக்காக இல்ல. பல்செட்டைத் தேய்ச்சுத் தேய்ச்சு என் விரலெல்லாம் உப்புத்தாள் மாதிரி கிடக்கு. அம்மா தோல் வெங்காயச் சருகு. வெறுங்கையால தொட்டா கிழியுது, ஒரு தடவை கிழிஞ்சுது. இதையெல்லாம் கேட்டுத் தெரிஞ்சுக்க உனக்கு நேரம் ஏது, அமைச்சர் வர்றாரே.

நான் உன்னோட சண்டை போட இதை எழுதல. இங்கே ஒரு வம்பு ஆகிப்போச்சு. என் வீட்டுக்காரி, புண்ணியவதி, உன் புஸ்தகத்தை அம்மாகிட்ட காட்டிட்டா. முதல் பக்கம் மட்டும்தான், உன் போட்டோ இருக்கற பக்கம். அவ்வளவுதான், அம்மாவைப் பிடிக்க முடியல. பகல்ல வர்ற நர்ஸம்மாகிட்ட, கேஸ் சிலிண்டர் போட வர்றவன்கிட்ட, மாடி வீட்டுக்காரங்ககிட்ட, 'பெரியவளுக்கு மாடி முழுக்கக் கொடுத்திருக்காங்க'ன்னு ஒவ்வொரு வார்த்தையா இழுத்து இழுத்துச் சொல்றாங்க. தலைக்குச் சாயம் பூசிவிடச் சொன்னாங்க. வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு நடைபாதையில ஒத்திகை நடக்குது. போயே ஆகணுமாம்.

இப்போ சொல்லு. அவங்க அந்த அறைக்குள்ள வருவாங்க. 'வரசா, வரசா'ன்னு தான் கெஞ்சினது கேக்கும். சுத்தி ஊரான் படுத்துக்கிட்டு ரசிச்சுக்கிட்டிருப்பான். அம்மாவுக்குப் பேச்சு பாதிதான் வந்திருக்கு, மானம் முழுசா இருக்கு. நெஞ்சு வெடிச்சுடும் அவங்களுக்கு. எம்மேல உனக்கு இருக்கற கோபத்தையெல்லாம் தனியா வெச்சுக்கோ, பெரிசா ஒரு பொம்மை பண்ணி அடுத்த கண்காட்சியில தொங்கவிடு, நானே வந்து ரிப்பன் வெட்டறேன். இதை மட்டும் எடுத்துடு.

தம்பி


பிப்ரவரி 16

சின்னவனே,

திறப்பு முடிஞ்சுது. கூட்டம்னா அப்படி ஒரு கூட்டம். மூணாவது அறைக்கு வெளியே வரிசை. ஒரு அம்மா அழுதுக்கிட்டே வந்து என்னைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒருத்தர் தன் மனைவி காதுல 'வாரசா'ன்னு கிசுகிசுத்துக்கிட்டே படியிறங்கினார். எனக்குக் காது கூசிச்சு. உன்னாலதான். நீ எழுதின நாள்லேர்ந்து எனக்கு அந்த அறைக்குள்ள நாத்தம் அடிக்குது. வேற யாருக்கும் அடிக்கல.

அன்னைக்கு எல்லாரும் போனப்புறம் முழுப் பதிவையும் போட்டுக் கேட்டேன். கண்காட்சியில ஓடறது வெட்டி ஒட்டினது, அதுல என் குரல் இருக்காது. முழுசுல இருக்கு. 'சொல்லுங்கம்மா. இன்னொரு தடவை. அப்படித்தான், இன்னொரு தடவை.' அம்மா என் கையை அடிக்கற சத்தம். நாற்காலி கிரீச்சுங்குது. அப்புறம் அம்மா சத்தமே இல்ல. அந்த இடத்துல நான் மெதுவா 'அழகு'ன்னு சொல்றேன்டா. 'அழகு'ங்கறேன்.

மறுநாளே பொறுப்பாளரம்மாகிட்ட போனேன். கண்காட்சியை அமைச்சவங்க அவங்கதான், மூடணும்னா அவங்க கையெழுத்து வேணும். எல்லாத்தையும் சொன்னேன். அவசரம், நாற்காலி, விரிப்பு, எல்லாம். அந்தம்மா கண்ணு நிறைஞ்சுது. நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டாங்க. 'இது இன்னும் ஆழம்'னாங்க. 'உடம்புதானே எல்லாப் பண்பாட்டுக்கும் பொது'ன்னாங்க. நான் சொன்னதை அப்படியே பலகையில எழுதி, அறை வாசல்ல மாட்டிடலாமாம்.

எனக்கு அவங்க மூஞ்சியைப் பாக்கவே சகிக்கல. அதைவிட அசிங்கம், ஒரு நிமிஷம் எனக்கும் அது நல்ல யோசனையாத்தான் தோணிச்சு. இதை உங்கிட்ட எழுதாம வேற யார்கிட்ட எழுத?

பலகை வேண்டவே வேண்டாம்னு சொல்லிட்டேன். அறையை மூட அவங்க ஒத்துக்கல, ஒப்பந்தம் இருக்கு. நானும் கத்தியிருக்கலாம், கத்தல. பத்திரிகையில எல்லாம் அந்த அறையைப் பத்தித்தான் எழுதியிருக்காங்க. அம்மா வர்ற அன்னைக்கு மட்டும் சத்தத்தை நிறுத்திடறோம்னு வாக்குக் கொடுத்திருக்காங்க. விரிப்பு வெறும் விரிப்பாத் தொங்கும், அவ்வளவுதான். நீ தேதியைச் சொல்லு.

அக்கா


பிப்ரவரி 23

அக்கா,

ஒரு நாளைக்கு மட்டும் நிறுத்துவீங்களா? மத்த நாளெல்லாம் அம்மா கெஞ்சலாமா? தூ.

உன் கடிதத்தைப் படிச்சுட்டு என் வீட்டுக்காரிகிட்ட நீட்டினேன். அவ இதுவரைக்கும் உனக்காக எங்கிட்ட எத்தனை வாதாடியிருப்பா. பாதியிலயே மடிச்சு வெச்சுட்டு அடுப்படிக்குப் போயிட்டா. பாத்திரம் உருளற சத்தம்தான் கேட்டுது. 'ஆழம்'னு சொன்ன அந்தம்மா வீட்டுல வயசானவங்க யாருமே இல்லையா? இல்ல, அவங்களையும் ஒவ்வொரு அறையா மாட்டிட்டாங்களா?

கூட்டிட்டு வர மாட்டேன்னுதான் சொன்னேன். அம்மா சோத்தைத் தள்ளி வெச்சுட்டாங்க. 'என் பொண்ணு, நான் போவேன்'. இப்போ அவங்ககிட்ட எதிர்த்துப் பேச முடியாது, பேச்சு வந்ததுலேர்ந்து பழைய பாக்கியையெல்லாம் சேர்த்து வெச்சுப் பேசறாங்க. அடுத்த புதன்கிழமை நர்ஸம்மா ரயில்ல கூட்டிட்டு வருவாங்க. நான் வரல. அந்தத் திரையைப் பாத்தா கிழிச்சுடுவேன், இல்ல உன் பொறுப்பாளரம்மா கழுத்தைப் பிடிச்சுடுவேன்.

முதல் அறை, ரெண்டாவது அறை காட்டு. மூணாவது அறைப் பக்கம் போக வேண்டாம். சத்தம் வரக்கூடாது. அவங்க கேட்டுட்டா, கூடப்பிறந்தவன்னு எனக்கு நீ எழுதற கடைசிக் கடிதம் அதுவாத்தான் இருக்கும். மாத்துத் துணி பையில வெச்சிருக்கேன். அவங்க சைகை காட்டறதுக்கு முன்னாடியே நீயா கேளு, 'போகணுமாம்மா'ன்னு. எல்லார் முன்னாடியும் கேக்காதே, காதுல கேளு.

தம்பி


மார்ச் 8

சின்னவனே,

இது கடைசிக் கடிதமா இல்லையான்னு படிச்சுட்டு நீ முடிவு பண்ணு. நர்ஸம்மா உங்கிட்ட 'எல்லாம் நல்லபடியா நடந்துது'ன்னு சொல்லியிருப்பாங்க. அவங்க அப்போ கீழே வண்டி பேசப் போயிருந்தாங்க, அவங்களுக்குத் தெரியாது.

அம்மா வந்ததும் முதல் அறை. ரெண்டு மொழி எழுத்துகளையும் நூலால இணைச்சு, சுவத்துக்குச் சுவர் இழுத்துக் கட்டியிருக்கேன். அம்மா வாக்கரைத் தள்ளிக்கிட்டுக் கிட்ட போய், அவங்க மொழி எழுத்தை விரலால தொட்டுத் தொட்டு, சத்தமா, ஒண்ணொண்ணா படிச்சாங்க. நாப்பது வருஷமா படிக்காத எழுத்து. ஒரு இடத்துல நான் தப்பாத் தைச்சிருக்கேன்னு சொல்லி என் தலையில குட்டினாங்க. சுத்தி நின்னவங்க யாரும் சிரிக்கல. எனக்கு அதோட போதும்னு இருந்துதுடா. அங்கேயே அவங்களைத் திருப்பிக் கூட்டிட்டு வந்திருக்கணும்.

ரெண்டாவது அறையில இருக்கறப்போ பொறுப்பாளரம்மா என்னைத் தனியா கூப்பிட்டாங்க. நன்கொடை கொடுக்கற பெரிய மனுஷங்க கூட்டம் ஒண்ணு திடீர்னு வந்திருக்காம். மூணாவது அறையைப் பாக்காம போக மாட்டாங்களாம். கொஞ்ச நேரம் மட்டும், சத்தத்தைக் குறைச்சு வெச்சுப் போடட்டுமா, உங்கம்மா இங்கேதானே இருக்காங்க, கதவு கனமான கதவுன்னாங்க. நான் தலையாட்டினேன். நீ அவ்வளவு எழுதியும் தலையாட்டினேன். பக்கத்துல அந்தக் கூட்டத்துல ஒருத்தர் என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டு நின்னார், அதுக்காக.

கதவு கனம்தான். ஆனா யாரோ உள்ளே போனாங்க, சரியா மூடல. அம்மா பேசிக்கிட்டே இருந்தவங்க நிறுத்திட்டாங்க. தலையைச் சாய்ச்சுக் கேட்டாங்க. 'யாரோ கூப்பிடறாங்க'ன்னாங்க. இல்லம்மா, வாங்க போகலாம்னேன். 'இல்லடி, யாரோ ஒரு பொம்பளை கூப்பிட்டுட்டே இருக்காங்க'ன்னு வாக்கரைத் திருப்பினாங்க. அவ்வளவு வேகமா நடப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் பிடிக்கறதுக்குள்ள உள்ளே போயிட்டாங்க.

நீ பயந்த மாதிரி ஆகல. அது தன் குரல்னு அம்மாவுக்குத் தெரியவே இல்ல. இருட்டுல கண்ணு பழகினதும், தரையில படுத்திருக்கறவங்களைப் பாத்தாங்க. நல்ல உடுப்பு போட்ட பெரிய மனுஷங்க, கண்ணை மூடிக்கிட்டு, சிலர் கையைக் கோர்த்துக்கிட்டு. அம்மா பிடிபிடின்னு பிடிச்சாங்க பாரு. 'ஏங்க, எழுந்திரிங்க! காது கேக்கலையா? அவங்களுக்குப் பாத்ரூம் போகணும்ங்கறாங்க, தெரியலையா? எவ்வளவு நேரமா கெஞ்சறாங்க, ஒருத்தரும் அசையாம படுத்திருக்கீங்களே, வெக்கமா இல்ல?' அவ்வளவு நீளமா அவங்க பேசி நான் கேட்டதே இல்ல. ஒருத்தர் காலை வாக்கரால தட்டினாங்க. அவர் எழுந்து உக்காந்து சுத்திப் பாத்துட்டு, மெதுவா கை தட்டினார். அப்புறம் எல்லாரும் தட்டினாங்கடா. நிகழ்ச்சியில ஒரு பாகம்னு நெனச்சுட்டாங்க. பொறுப்பாளரம்மா கதவுகிட்ட நின்னு போன்ல படம் எடுத்துக்கிட்டிருந்தாங்க. அந்தப் போனைப் பிடுங்கினேன், அதை அப்புறம் சொல்றேன், பெரிய ரகளை ஆச்சு. மாடியை நேத்தோட மூடிட்டாங்க. நஷ்ட ஈடு கேட்டு வக்கீல் கடிதம் வந்திருக்கு. அதெல்லாம் எனக்கு ஒண்ணுமில்ல.

உங்கிட்ட சொல்ல வந்தது வேற. கைதட்டல் ஓயறதுக்குள்ள அம்மா என்னைத் தேடினாங்க. இருட்டுல என் முழங்கையைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டு, அந்தத் திரையைக் காட்டி, சின்னக் குரல்ல கேட்டாங்க. 'பெரியவளே, அந்தம்மாவுக்குப் பொண்ணு பிள்ளைன்னு யாருமே இல்லையா?'

இல்லம்மான்னு சொன்னேன்.

'ஐயோ பாவம்'னாங்க. 'அப்போ நீயாவது போம்மா. அவங்களை மாத்தி விட்டுட்டு வா. நான் இங்கே யாரும் எட்டிப் பாக்காம நிக்கறேன்.' சொல்லிட்டு வாக்கரோட திரும்பி, திரைக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, அத்தனை பேரையும் முறைச்சுக்கிட்டு நின்னாங்க.

நான் போனேன்டா. விரிப்பை விலக்கிக்கிட்டுப் பின்னாடி போனேன். ஸ்பீக்கர் இருந்துது, விளக்கு இருந்துது. தரையில உக்காந்தேன். என் காதுக்குப் பக்கத்துல அம்மா குரல் கத்திக் கத்திக் கூப்பிட்டுது. ஒயரைத் தேடிப் பிடிச்சுப் பிடுங்கினேன்.

சத்தம் நின்னதும் வெளியேர்ந்து கேட்டாங்க. 'ஆச்சா?'

'ஆச்சும்மா'ன்னேன்.

'சரி, கையை நல்லா சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா'ன்னாங்க.

அக்கா